ஓய்வுக்குப் பிறகு பாய்மரப் படகிலேயே குடியிருக்கலாமா? மலேசியாவில் பினாங்கு, லங்காவி, பங்கோர் பக்கம் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததை இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன். எனக்கு 56 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 30 வருஷம் மெயின்டனன்ஸ் வேலை, இந்த டிசம்பரோடு விடுகிறேன். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டார். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். ஈபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கி, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் படகிலேயே இருக்கலாம் என்று திட்டம். உலகம் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. பினாங்கு, லங்காவி, பங்கோர், முடிந்தால் போர்ட் டிக்சன் வரைக்கும், கரையை ஒட்டியே.

என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்து இறங்கி இந்தத் துறைமுகத்தில் தொங்காங் எனும் சரக்குத் தோணியில் மூட்டை தூக்கியவர். கடல் எங்களுக்குப் புதிதில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார், ஆனால் அவரும் சரி நானும் சரி கரையில்தான் காலத்தை ஓட்டினோம். நான்கு வருஷமாக ஒரு நண்பரின் படகில் சனி ஞாயிறு போய்ப் பழகியிருக்கிறேன், லங்காவிக்கு மூன்று தரம் போய் வந்திருக்கிறேன்.

இப்போது லங்காவியில் 34 அடி ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1980களில் கட்டியது, டீசல் இன்ஜின், தண்ணீருக்கு அடியில் 1.6 மீட்டர் ஆழம் போகும். வெளிநாட்டுத் தம்பதி, வயதாகிவிட்டது, விற்றுவிட்டு ஊருக்குப் போகிறார்கள்.

எந்த மாதங்களில் எந்தப் பக்கம் இருப்பது நல்லது, எதற்குப் பயப்பட வேண்டும், பழைய படகில் முதலில் எதைப் பார்க்க வேண்டும், இதுதான் கேள்வி. மனைவிக்கு நீச்சல் தெரியாது, அலையில் கொஞ்சம் தலைசுற்றும். படகு வேலையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாக உட்கார்ந்து வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.


கச்சான்காற்று எழுதியது:

வாழ்த்துகள் அண்ணே. நாங்கள் இருவரும் ஏழு வருஷமாக 33 அடிப் படகில் இதே கரையில்தான் இருக்கிறோம், அதனால் நேரடியாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று. மலாக்கா நீரிணையில் பாய் விரித்து ஓடும் நேரத்தைவிட இன்ஜின் போட்டு ஓடும் நேரம்தான் பல நாள் அதிகம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காலையில் கரைக்காற்று கொஞ்சம், மதியத்துக்கு மேல் கடல்காற்று கொஞ்சம், நடுவில் கண்ணாடி மாதிரி தண்ணீர். நல்ல காலம் என்றால் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, வாடைக் காற்று கெடா பக்கத்திலிருந்து நிலத்தைத் தாண்டி வரும், கடல் சமமாக இருக்கும், காற்றும் நிலையாக இருக்கும். ராஜா மூடா படகுப் போட்டியை 1990லிருந்து நவம்பரில் போர்ட் கிள்ளானில் தொடங்கி பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரைக்கும் நடத்துவதும் இந்தக் கணக்கில்தான்.

பயப்பட வேண்டியது கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில், ஏறக்குறைய ஏப்ரல், மே தொடங்கி அக்டோபர் வரைக்கும், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்கோடு. இங்கே எல்லோரும் அதைச் 'சுமத்ரா' என்றே சொல்வார்கள். ராத்திரி சுமத்ரா மலைப்பக்கம் மேகம் கட்டி, நீரிணையைத் தாண்டி, சரியாக நாம் அசந்து தூங்கும் மூன்று நான்கு மணிக்கு வந்து நிற்கும். முதலில் காற்று அடியோடு நின்றுபோகும், உடம்பில் திடீரென்று ஒரு குளிர்ச்சி படும், அப்புறம் பத்து நிமிஷத்தில் 40 நாட் வேகத்தில் (மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல்) மேற்கிலிருந்து அடிக்கும். ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அந்த நேரத்துக்குள் நங்கூரம் உழுதுகொண்டு போனால் படகு கரையில் கிடக்கும். அதனால் மேற்கே திறந்த இடத்தில் அந்த மாதங்களில் ராத்தங்காதீர்கள். பினாங்கில் ஜெரேஜாக் தீவுக்கும் பெரிய தீவுக்கும் நடுவில் இருக்கிற வாய்க்கால் நல்ல மறைவு, சேற்றுத் தரை, நங்கூரம் கெட்டியாகப் பிடிக்கும். ஆழத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள், அதுவும் ஏற்றத் தண்ணீர் ஆழத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள், நங்கூரம் போட்ட நேரத்து ஆழத்தை வைத்து அல்ல.

மின்னல் இன்னொன்று. நடுக்கடலில் உயரமான ஒரே கம்பம் உங்களுடையதுதான். இடி வருகிறபோது போன், கையடக்க ஜிபிஎஸ், கை ரேடியோ எல்லாவற்றையும் சமையல் ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடிவிடுவோம், இரும்புப் பெட்டி என்பதால் உள்ளே இருப்பது பிழைக்க வாய்ப்பு உண்டு.

படகு பார்க்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் எப்போது மாற்றியவை என்று ரசீதோடு கேளுங்கள், வெப்பமண்டலக் கடலில் அது வெளியே மின்னிக்கொண்டு உள்ளே வெடித்திருக்கும். டீசல் டாங்கியின் அடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் பாருங்கள், தண்ணீர் கலந்து கறுப்பாகக் கசடு இருந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அலை ஆட்டும்போது அந்தக் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும், இன்ஜின் தேவைப்படுகிற அந்த நிமிஷத்தில்தான் நிற்கும். தண்ணீரில் வைத்து மட்டும் வாங்காதீர்கள், படகைக் கரையேற்றி அடிப்பாகத்தை ஒரு சர்வேயர் தட்டிப் பார்த்த பிறகுதான் பணம். வாங்கின பிறகு வருஷத்துக்கு ஒரு தரம் கரையேற்றி அடியில் ஒட்டும் கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டி அடிப்பெயின்ட் அடிக்கும் செலவு நிச்சயம், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கரையேற்ற லங்காவி பக்கம் ரெபாக் தீவிலும் பங்கோரிலும் வசதி இருக்கிறது.

மனைவி விஷயம் பற்றி நான் சொல்வதைவிட என் வீட்டுக்காரி சொல்வதே சரி. ராத்திரி எழுதுவதாகச் சொன்னாள்.


கோலமூடா_இன்ஜின் எழுதியது:

அண்ணே, நான் படகில் வாழ்கிறவன் இல்லை, கெடாவில் மீனவர்களின் அவுட்போர்ட் இன்ஜின் பழுது பார்ப்பது என் தொழில். கரையை ஒட்டியே போவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கரை பாதுகாப்பு என்று நிலத்தில் இருக்கிறவர்களுக்குத் தோன்றும். வலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒரு மூங்கில், மேலே ஒரு துண்டுத் துணி, இல்லாவிட்டால் வெறும் எண்ணெய் டப்பா, அவ்வளவுதான் அடையாளம். ராத்திரியில் சில வலைக்கு மினுக்கும் பல்பு உண்டு, பலதுக்கு இல்லை. ஒரு முனையில் கொடி இருந்தால் இன்னொரு முனை எங்கே என்று தேடிப் பார்த்த பிறகு சுற்றிப் போங்கள், நடுவில் புகுந்தால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். அந்த வலை ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு, தயவு செய்து அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் இன்ஜினை உடனே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், வலைக்குச் சொந்தக்காரர் வருவார், பெரும்பாலும் அவரே இறங்கி அறுத்துவிடுவார், நஷ்டத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் சம்பான் (சிறு மீன்பிடிப் படகு) யாரிடமும் ஏஐஎஸ், அதாவது படகு இருக்கும் இடத்தை மற்றவர் திரையில் காட்டும் கருவி, கிடையாது, உங்கள் திரையில் தெரிய மாட்டார்கள். கண்ணால்தான் பார்க்க வேண்டும். பினாங்கிலிருந்து லங்காவிக்கு ஏறக்குறைய 60 கடல் மைல், ஐந்து நாட் வேகத்தில் 12 மணி நேரம். விடியும்போது கிளம்பினால் இருட்டுகிற நேரத்தில் லங்காவியின் குவா போய்ச் சேருவீர்கள், தாமதமானால் தீவுகளுக்கு நடுவே இருட்டில் நுழைய நேரும், அதனால் விடியும் முன்பே கிளம்புங்கள், அதற்கு வெளியே வரும் வழியை முந்தின நாள் வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள். பாயார் தீவில் நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால், அது கடல் பூங்கா, பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது.


கடல்வீட்டுக்காரி எழுதியது:

மேலே எழுதியிருக்கும் கச்சான்காற்றின் மனைவி நான். அண்ணா, உங்கள் கேள்வியில் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. 'நீ நிம்மதியாக உட்கார்ந்து வந்தால் போதும்.' இதே வார்த்தையைத்தான் எனக்கும் சொன்னார். அன்பில் சொன்னதுதான், எனக்குத் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தின வாரம், பங்கோரிலிருந்து வந்துகொண்டிருந்தோம். அது 70 கடல் மைலுக்குப் பக்கம், அன்றைக்கு விடியும் முன்பே கிளம்பியிருந்தோம். மாலை நேரம், பினாங்கு மலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, கெண்டி தீவு முன்னால். காற்றே இல்லை, இன்ஜின் ஓடுகிறது, ஆட்டோபைலட் ஓட்டுகிறது. நான் கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முன்பாயின் கயிறு ஒன்று தளர்ந்திருக்கிறது என்று படகின் முன்முனைக்குப் போனார். கடல் சமமாக இருந்ததால் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. தூரத்தில் போன ஒரு கப்பலின் அலை வந்து குறுக்கே மோதியது. மேலே ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை.

நான் மேலே வந்தபோது அவர் தலை பின்னால் தெரிந்தது. படகு போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்து நாட் வேகம் என்றால் மெதுவாகத் தோன்றும், ஒரு நிமிஷத்தில் 150 மீட்டருக்கு மேல் போய்விடும். ஆட்டோபைலட்டை எப்படி விடுவிப்பது என்று எனக்குத் தெரியாது. ஏதேதோ பட்டனை அழுத்தினேன், படகு திரும்பவில்லை. ரேடியோவில் எந்தப் பட்டனை அழுத்திப் பேசுவது என்றும் தெரியாது. இன்ஜினை நிறுத்தும் கம்பி மட்டும் தெரியும், முதல் நாள் காட்டியிருந்தார், அதை இழுத்தேன். இன்ஜின் நின்றது. அதற்குள் அவர் தலை என் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் தண்ணீரில் பட்டு மின்னுகிற நேரம், மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. போனில் 999 அழைத்தேன், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், எனக்கு அந்த எண்களை எங்கே பார்த்துப் படிப்பது என்று தெரியவில்லை. 22 வருஷம் கல்யாணமாகி, இரண்டு வருஷம் அந்தப் படகில் வாழ்ந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணா.

ஒரு சம்பான்காரர் அவரைத் தூக்கிவந்தார். முக்கால் மணி நேரம் தண்ணீரில் இருந்திருக்கிறார். பினாங்குத் தண்ணீர் வெதுவெதுப்பு, அதுதான் காப்பாற்றியது. சம்பான்காரர் பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார், பிள்ளைகளுக்காகச் சுட்டு வைத்திருந்த முறுக்கு டின்னை அப்படியே கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நான்கு மாதம் படகில் கால் வைக்கவில்லை. அடுத்து வந்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கும்போதுதான் அவரிடம் சொன்னேன், வருகிறேன், ஆனால் பயணியாக வர மாட்டேன் என்று. லங்காவியில் ஐந்து நாள் பயிற்சி வகுப்பில் தனியாகச் சேர்ந்தேன். கணவர் சொல்லிக் கொடுத்தால் நமக்கும் ரோஷம் வரும், அவருக்கும் குரல் உயரும். வெளி ஆள் சொன்னால் கற்றுக்கொள்வோம். இப்போது படகை ஜெட்டியில் கட்டுவது, பாயைச் சுருக்குவது, நங்கூரம் போடுவது எல்லாம் நான் தனியாகச் செய்வேன். நங்கூரம் போடும்போது நான் சுக்கானில் நிற்கிறேன், அவர் முன்னால் சங்கிலி விடுகிறார், ஏனென்றால் சங்கிலிக்குத்தான் பலம் வேண்டும், சுக்கானுக்குப் புத்தி போதும். மாதம் ஒரு தரம் காலி எண்ணெய் டின்னில் பாதி தண்ணீர் நிரப்பி, எதிர்பாராத நேரத்தில் இருவரில் ஒருவர் கடலில் எறிவோம், மற்றவர் தனியாகத் திரும்பிப் போய் எடுக்க வேண்டும். போய்ச் சேருவதுகூடக் கஷ்டமில்லை, தண்ணீரில் ஊறிய ஆளை மேலே தூக்குவதுதான் கஷ்டம். பாய் ஏற்றும் கயிற்றை அவர் அங்கியில் மாட்டி, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றித்தான் தூக்க முடியும். தெலுக் டுயோங்கில் நங்கூரம் போட்டு அவரை நிஜமாகவே தண்ணீரில் இறக்கித் தூக்கிப் பழகினேன், முதல் தரம் 20 நிமிஷம் பிடித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து விட்டுவிடாதீர்கள், அதற்காக எழுதவில்லை. இந்த வாழ்க்கையை நான் நேசிக்கிறேன். பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் படகுச் சமையல் நடந்துவிடும், மூடி பூட்டிக்கொள்வதால் ஆடினாலும் கொட்டாது, கேஸும் தண்ணீரும் பாதிதான் செலவு. (கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், அதனால் சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுங்கள், ஒரு நாளும் மறக்காதீர்கள்.) 33 அடிக்குள் கோபித்துக்கொண்டு போக இடம் கிடையாது, அதனால் நாங்கள் பேசித்தான் தீர வேண்டும், வீட்டில் இருந்த காலத்தைவிட அதிகம் பேசுகிறோம். ஒரு வருஷம் மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் எதிரில் நங்கூரம் போட்டிருந்தோம். சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மிதக்கும் தேர் விளக்கோடு கடலில் வந்ததைக் கடல் பக்கமிருந்து பார்த்தேன். கரையில் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அம்மன் எங்களை நோக்கி வந்தாள், கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.


ஜெலுத்தோங்வாசி எழுதியது:

நான் அவர் மனைவி. அவர் கணக்கில் நான் எழுதுகிறேன். அக்கா, உங்கள் பதிலை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார், பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை நானே படித்தேன். எனக்கு 54 வயது, சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. நீச்சல் தெரியாது. ஃபெரியில் பட்டர்வொர்த் போனாலே சில நாள் வயிற்றைப் புரட்டும். இவர் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்றுதான் சரி என்று சொன்னேன். என்னால் நிஜமாகவே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?


கடல்வீட்டுக்காரி எழுதியது:

முடியும் தங்கச்சி. நான் தொடங்கும்போது எனக்கு 51.

நீச்சலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், குளத்தில், பெண் பயிற்சியாளரிடம். ஒலிம்பிக் நீச்சல் வேண்டாம், பத்து நிமிஷம் மிதக்கத் தெரிந்தால் போதும், மிதக்கத் தெரிந்த அன்றைக்கே பாதிப் பயம் போய்விடும். அப்படியும் தளத்துக்கு வந்தால் லைஃப் ஜாக்கெட், முன்பக்கம் போனால் இடுப்பில் கயிறு, இருவருக்கும் ஒரே சட்டம், கடல் சமமாக இருந்தாலும். வயிற்றுப் புரட்டலுக்கு இஞ்சி கொஞ்சம் உதவும், கீழே போய் உட்காராமல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் உதவும், எல்லாவற்றையும்விட சுக்கானைப் பிடித்தால்தான் எனக்கு நின்றது, ஏனென்றால் படகு எந்தப் பக்கம் ஆடப் போகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சர்க்கரைக்கு, சாப்பாட்டு நேரம் தவறாத மாதிரி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள், கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படகு பார்க்க லங்காவி போகும்போது நீங்களும் போங்கள். இன்ஜினை நீங்கள் கிளப்பி நிறுத்திப் பாருங்கள். முன்பாயை நீங்கள் சுருட்டிப் பாருங்கள், வின்ச் கைப்பிடி உங்கள் பலத்துக்குச் சுற்றவில்லை என்றால் பெரிய வின்ச் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விலையில் கழிக்கச் சொல்லுங்கள். படகு வந்ததும் முதல் வேலையாக ரேடியோ பக்கத்தில் ஓர் அட்டையை ஒட்டுங்கள், தமிழில், உங்கள் கையெழுத்தில்: சேனல் 16 (ஆபத்தில் அழைக்கும் அலைவரிசை), எந்தப் பட்டன், என்ன சொல்ல வேண்டும், நாம் இருக்கும் இடத்தின் எண்களை எந்தத் திரையில் பார்க்க வேண்டும். என்னுடையது இன்னும் ஒட்டியிருக்கிறது.

அண்ணாவிடம் ஒன்று சொல்லுங்கள். கிளம்பலாமா என்று முடிவு செய்யும்போது இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் அன்றைக்குக் கிளம்பக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது. எங்கள் படகில் அப்படித்தான்.

படகு வாங்கும் முன் ஒரு நாள் எங்களோடு வாருங்கள். இந்த வாரம் பௌர்ணமி, ஏற்றமும் இறக்கமும் அதிகம், பினாங்குப் பாலத்துக்குக் கீழே நீரோட்டம் இழுக்கும். அடுத்த வாரம் அஷ்டமி கழிந்து நவமி, தசமி அன்றைக்கு நீரோட்டம் குறைந்திருக்கும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள், ஆனால் படகு பழக எனக்கு அதைவிட நல்ல நாள் கிடைத்ததில்லை. காலை எட்டு மணிக்கு பத்து உபான் ஜெட்டியில் இருங்கள், இட்லி நான் கொண்டுவருகிறேன். ரப்பர் அடிச் செருப்பு, தொப்பி, முழுக்கைச் சட்டை. சேலை வேண்டாம், சுடிதாரும் துப்பட்டா இல்லாமல். சுக்கானில் நீங்கள்தான் நிற்கப் போகிறீர்கள், ஜெரேஜாக்கை ஒரு சுற்று சுற்றி வருவோம். ஆண்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்துகொள்ளட்டும்.


ஜெலுத்தோங்வாசி எழுதியது:

இப்போது எழுதுவது நான், கணவன். நவமி அன்றைக்கு வருகிறோம். லங்காவிக்காரரிடம் இரண்டு மாதம் டைம் கேட்டிருக்கிறேன், சரி என்றுவிட்டார். மனைவி நேற்றே நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டார், செவ்வாயும் வியாழனும். எனக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார், எனக்கு 30 மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும் என்பதை அவரிடம் இன்றைக்குத்தான் சொன்னேன்.